குருவி வண்டியின் இடப்பக்க மூடி

எம்மெட் ப்ரெக்கியின் சிவப்புக் கொட்டகையில் அறுபது பசு கட்டலாம். ஆனால் முப்பது வருடமாக அங்கே ஒரு கன்றுக்குட்டிகூட நுழைந்ததில்லை. நுழைந்திருந்தால் வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே கிழடு தட்டிப் போயிருக்கும். தரையிலிருந்து கூரைவரை மோட்டார் சைக்கிள்கள். முழு வண்டி முப்பத்தொன்று. அரை வண்டி, கால் வண்டி, வெறும் ஹேண்டில்பாராக மிஞ்சிய வண்டி எல்லாவற்றையும் எண்ணுவதற்காக உள்ளே போன மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊழியர் ஒருவர் இன்னும் திரும்பவில்லை என்று ஊரில் பேச்சு.

அத்தனையும் பொடி வண்டிகள். அமெரிக்கச் சாலைகளில் ஊர் அதிர உறுமிக்கொண்டு போகும் எண்ணூறு பவுண்டு எருமைகள் இல்லை. ஐம்பதுகளில் பேப்பர் போடுகிறவர்களும் பள்ளிக்கூடம் போகிறவர்களும் ஓட்டித் திரிந்த நூற்றிருபத்தைந்து சிசி சமாசாரங்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் பிக்கப் வண்டியில் தூக்கிப் போட்டுவிடலாம். உதைத்தால் தையல் மிஷின் போலச் சிணுங்கும். பின்னால் ஒரு முழம் நீலப் புகை விடும். சிக்னலில் பெரிய வண்டிக்காரர்கள் பக்கத்தில் வந்து நின்று, "பெரியவரே, இதுக்குப் பேட்டரி போடணுமா, சாவி கொடுக்கணுமா?" என்று கேட்பார்கள். எம்மெட் அசரமாட்டார். "பால் ஊத்தினாப் போதும் தம்பி. உன்னுது மாதிரி ஊரைக் குடிக்காது" என்பார்.

பால் என்று அவர் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தின் அந்த மூலையில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை அள்ளிக்கொண்டு பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் கொட்டிய லாரிக்கு நாற்பது வருடம் அவர்தான் டிரைவர். கல்யாணம் ஆகவில்லை. இளமையில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசிவிட்டு வரலாம் என்று பூங்கொத்தோடு ஒரு பண்ணை வீட்டுக்குப் போனவர், அங்கே கோழிக்கூண்டுக்குள் கிடந்த பழைய வண்டி ஒன்றைப் பார்த்துவிட்டார். பூங்கொத்தைப் பெண்ணின் அப்பாவிடம் கொடுத்து வண்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பெண் வேறொருவரைக் கட்டிக்கொண்டு சுகமாக இருக்கிறார். வண்டியும் சுகமாக இருக்கிறது.

இப்படிப்பட்ட மனிதர் எழுபத்தாறு வயதில் திருடராக மாட்டிக்கொண்டார். அந்தக் கதைதான் இது.

திருடு போனது ஒரு மூடி. உள்ளங்கை அகலம் இருக்கும். 'ரென்' என்றொரு வண்டியின் இடப்பக்கக் கருவிப்பெட்டியை மூடுகிற தகடு. ரென் என்பது கட்டைவிரல் பருமனில் ஒரு குருவி. சலவை இயந்திரம் செய்துகொண்டிருந்த ஹாப்ஸ்டெட் கம்பெனிக்கு ஒரு நாள் என்ன கிறுக்குப் பிடித்ததோ, மோட்டார் சைக்கிள் செய்யப் புறப்பட்டது. மூன்றே வருடம் செய்துவிட்டு, புத்தி தெளிந்து துணி துவைக்கப் போய்விட்டது. வண்டி நல்ல வண்டி. ஆனால் இடப்பக்க மூடியை ஒரே ஒரு திருகாணியில் மாட்டியிருந்தார்கள். முதல் பள்ளத்தில் திருகாணி தளரும். இரண்டாம் பள்ளத்தில் மூடி பறக்கும். ஆக, வண்டிகள் பிழைத்துக் கிடந்தன, மூடிகள் போய்விட்டன. உலகத்தில் பதினொரு மூடிதான் மிச்சம் என்று சின்ன வண்டிக்காரர் சங்கத்தில் ஒரு கணக்கு. அந்தப் பதினொன்றில் நாலு பொய்.

டார்லீன் கூபியாக்கிடம் இருந்தது ஒரு குருவி வண்டி. டார்லீன் கிராமத்துத் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பனி கதவளவு கொட்டினாலும் கடிதம் கதவைத் தட்டும் என்று பெயர் வாங்கியவர். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அறுபத்திரண்டாம் வயதில், ஓய்வு பெற்ற மறுநாளே, ஆறு அட்டைப்பெட்டிகளில் எலும்பும் தோலுமாகக் கிடந்த குருவியை வாங்கினார். இரண்டு வருடத்தில் எல்லா உறுப்பும் தேடிப் பிடித்துச் சேர்த்துவிட்டார். இடப்பக்க மூடி மட்டும் இல்லை.

"ஓட்டிப் பாரேன் டார்லீன். மூடி இல்லேன்னா என்ன, வண்டி நின்னுடுமா?" என்று சங்கத் தலைவர் வெண்டல் ஒருமுறை கேட்டார்.

"எல்லாம் பொருந்தின பிறகுதான் ஏறுவேன். மூடியில்லாம ஏறறது, பல்செட்டை வீட்ல வெச்சிட்டுக் கல்யாணத்துக்குப் போற மாதிரி."

சிரித்தார்களே தவிர யாரும் மறுக்கவில்லை. பழைய வண்டி சேர்க்கிறவர்களுக்கு இப்படி ஆளுக்கொரு விரதம் உண்டு. வெண்டலே, சரியான வருடத்து டயர் கிடைக்கும்வரை தன் வண்டியைப் படுக்கையறையில் நிறுத்தி வைத்திருந்த ஆள். அவருடைய மனைவி ஹாலில் படுத்துக்கொண்டார்.

மூடி எங்கேயாவது இருக்கிறதென்றால் அது எம்மெட்டின் கொட்டகையில்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். மாடு தண்ணீர் குடிக்கிற நீளமான தகரத் தொட்டிகள் அங்கே நாற்பது. ஒவ்வொன்றிலும் விளிம்புவரை துருப்பிடித்த உதிரிகள். டார்லீன் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவார். கையுறை மாட்டுவார். ஒரு தொட்டியைக் கவிழ்த்து, தபால் பிரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்குவார். நடுவில் காபி. எம்மெட் போடும் காபியை கியர்பெட்டியில் ஊற்றினால் கியர் மிருதுவாக விழும். டார்லீன் கொண்டுவரும் எலுமிச்சை கேக்கை டயருக்கு முட்டுக் கொடுக்கலாம். இருவரும் இரண்டையும் பாராட்டிக்கொண்டே சாப்பிடுவார்கள்.

"காபி நல்லாருக்குய்யா. ஸ்பூன் நட்டமா நிக்குது."

"உன் கேக்கு மட்டும் என்ன? பல்லு மூணு மிச்சம் இருந்துச்சு. இன்னிக்கு ரெண்டு."

இப்படிச் சில மாதம் போனது. அப்புறம்தான் அந்தப் பாவம் நடந்தது.

பக்கத்து மாநிலத்தில் பழைய சாமான் சந்தை. எம்மெட் கதவுக் குமிழ்கள் நிரம்பிய ஒரு காபி டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தார். அடியில் பச்சையாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தார். இடப்பக்க மூடி! கம்பெனியில் அடித்த அசல் பச்சை. நடுவில் வாலைத் தூக்கி நிற்கும் குருவி முத்திரை. எம்மெட்டின் இதயம் மூன்று துடிப்பைத் தவறவிட்டு, நாலாவதில் மூன்றையும் சேர்த்து அடித்தது. டப்பாவை அப்படியே வாங்கிக்கொண்டு இருநூறு மைல் பாடிக்கொண்டே வந்தார். சாலையோரத்து மாடுகளெல்லாம் தலை தூக்கிப் பார்த்தன.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மூடி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு எடுத்து நீட்டலாம் என்று கையைப் பைக்குள் விட்டார். அந்த நேரம் பார்த்து டார்லீன் தொட்டியிலிருந்து தலை தூக்காமலே சொன்னார்:

"கவலைப்படாதேய்யா எம்மெட். மூடி கிடைச்சிட்டா இந்தத் தூசியில எனக்கென்ன வேலை? உனக்கும் ஒரு சனியன் விட்டுது."

எம்மெட்டின் கை பையிலிருந்து வெளியே வந்தது. கையில் கைக்குட்டை இருந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டார்.

அடுத்த வாரம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். அந்த அடுத்த வாரம் ஒன்பது வருடம் நீண்டது.

மூடி அடுக்களையில், ஓட்ஸ் டப்பாவுக்குள் குடியேறியது. எம்மெட் தன் பனிக்கால இரவுச் சட்டையைக் கிழித்து அதற்குப் போர்வை செய்தார். வருடாவருடம் பனி உருகினதும் எடுத்துத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, விரல் நுனியால் தடவி, திரும்பச் சுற்றி வைப்பார். திருட்டுப் பொருளை ஒளிக்கலாம், துருப்பிடிக்க விடலாமா? அது வேறு பாவம் அல்லவா?

நாற்பது தொட்டியும் தீர்ந்துபோனால் என்ன செய்வது? அதற்கும் வழி கண்டார். டார்லீன் ஒன்றைக் காலி செய்தால் எம்மெட் இரண்டை நிரப்பினார். மூன்று மாநிலத்துக் காயலான் கடைக்காரர்கள் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். தொட்டிகள் எழுபது ஆயின.

இந்த வருடம் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, டார்லீன் தொட்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. எம்மெட் கை கொடுத்துத் தூக்கினார்.

"வலது முட்டி. டாக்டர் படம் எடுத்துப் பார்த்திட்டு, செப்டம்பர்ல மாத்திடலாம்னு சொல்லிட்டாரு. புது முட்டி போட்டா நடக்கலாமாம். ஓட்டக்கூடச் செய்யலாமாம். ஆனா கிக்கர் உதைக்கவே கூடாதாம்."

"சரி, அதனால என்ன..."

"ஆகஸ்ட்ல நம்ம சங்கத்து விழா வருதில்ல? அதுல ஒரு சுத்து ஓட்டிடணும்னு ஆசை, எம்மெட். பழைய முட்டி இருக்கறப்பவே, நானே உதைச்சு, முழுசா இருக்கற வண்டியில. மூடி கிடைக்கலேன்னா விட்டுடறேன். யாராவது சின்ன வயசுக்காரங்க எடுத்துத் தேடட்டும்." சிரித்தார். "பதினோரு வருஷமா துடைச்சே வெச்சிருக்கேன். அது எப்படி ஓடும்னு எனக்கே தெரியாது பார்."

எம்மெட்டுக்குக் கேக் தொண்டையில் நின்றது. அந்தக் கேக் யாருக்கும் நிற்கும். ஆனால் இது வேறு. இவ்வளவு நாளும் அவர் எண்ணியதெல்லாம் சனிக்கிழமைகளை மட்டுமே. பக்கத்து ஊரில், ஒரு வீட்டின் கார் ஷெட்டில், ஓடாமல் நின்ற வண்டியையும் அதைத் துடைத்துக்கொண்டே காத்திருந்த மனுஷியையும் அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அடுத்த சனிக்கிழமையே கொடுத்துவிடுவதென்று முடிவு செய்தார். எப்படிக் கொடுப்பது? 'இதோ, அடுக்களையில் இருந்தது' என்றா? அதைவிடப் பால் லாரியின் முன்னால் படுத்துக்கொள்ளலாம். தொட்டியில் போட்டு வைத்தால் அவரே கண்டெடுத்துக்கொள்வார். யாருக்கும் மனத்தாபம் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை, ஒரு கை தூசியும் துருப்பொடியும் அள்ளிக்கொண்டு மூடியின் முன்னால் உட்கார்ந்தார். அழுக்குப் பூசினால்தான் நம்பும்படியாக இருக்கும். கை மேலே போனது. நின்றது. எழுபது வருடத்துக்கு முந்தைய அசல் பச்சை. அதன்மேல் துருப்பொடியைத் தேய்ப்பதா? கீறல் விழாதா? பச்சைப் பிள்ளையின் கன்னத்தில் உப்புத்தாள் போடுவானா மனுஷன்? மூன்று தரம் முயன்றார். மூன்று தரமும் கை மறுத்துவிட்டது. கடைசியில், பழக்கதோஷம், ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்து, பளபளவென்று கொண்டுபோய்த் தொட்டியின் நடுவில் செருகிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை. ஒன்பதரை மணி. தொட்டிப் பக்கம் சத்தம் நின்றது.

எம்மெட் காபிப் பாத்திரத்தோடு நின்றார். டார்லீன் கூவுவார், குதிப்பார், கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தார். டார்லீன் பழைய பால் கேன் ஒன்றின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றினார். மூடியை வெளிச்சத்தில் திருப்பினார். முகர்ந்து பார்த்தார்.

"எம்மெட். இந்தத் தொட்டியில இருக்கறது எல்லாம் துரு."

"ஆமா. பழைய சாமான் பார்."

"இது மட்டும் ஏன் துருப்பிடிக்கல?"

"ஹாப்ஸ்டெட்காரன் பெயின்ட்டு அப்படி. அந்தக் காலத்துல..."

"எண்ணெய் வாசம் வருது."

"நல்ல எண்ணெய்னா வாசம் நிக்கும்."

"எழுபது வருஷமா?"

டார்லீன் திருகாணி ஓட்டையிலிருந்து நகத்தால் ஒரு நூலை இழுத்தார். சிவப்புக் கட்டம் போட்ட துணியின் நூல். எம்மெட் அப்போது போட்டிருந்த சட்டையைப் பார்த்தார். அதுவும் சிவப்புக் கட்டம். அவரிடம் இருந்ததெல்லாம் சிவப்புக் கட்டம்தான்.

"எத்தனை நாளாய்யா?"

எம்மெட் காபிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஒன்பது விரலைக் காட்டினார்.

"ஒம்பது வாரமா?"

தலையாட்டினார், இல்லை என்று.

"ஒம்பது மாசம்?"

அதற்கும் இல்லை. ஓட்ஸ் டப்பா, கிழித்த இரவுச் சட்டை, வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் என்று எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தார்.

டார்லீன் கத்தியிருந்தால் எம்மெட்டுக்குச் சுலபமாக இருந்திருக்கும். டார்லீன் கத்தவில்லை.

"அறுபத்தி நாலு வயசுல எனக்கு முட்டி நல்லா இருந்துச்சுய்யா" என்றார்.

"நீ வராம போயிடுவேன்னு..." என்று எம்மெட் ஆரம்பித்தார்.

"வாயைத் திறந்து 'வா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனே! அதுக்கு எதுக்கு என் வண்டியை நொண்டியாக்கின?"

மூடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எழுந்தார். வலது காலைத் தாங்கித் தாங்கி நடந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். எம்மெட்டுக்கு உயிர் வந்தது. டார்லீன் கேக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. எம்மெட் ஒன்பது மணிக்கு இரண்டு குவளை எடுத்து வைத்தார். பத்து மணிக்கு இரண்டிலும் இருந்த காபியைத் தானே குடித்தார். பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு கடிதம் எழுதினார். நான்கு பக்கம். டார்லீன் வீட்டு வாசலில் இருந்த தபால்பெட்டியில் போட்டுவிட்டு, ஓடாத குறையாக வந்துவிட்டார். இரண்டு நாளில் கடிதம் திரும்பி வந்தது. பிரிக்கவே இல்லை. உறையின்மேல், கோடு போட்ட மாதிரி அரசாங்கக் கையெழுத்தில், 'தபால்தலை ஒட்டவில்லை. ஏற்க இயலாது. அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது' என்று எழுதியிருந்தது.

எம்மெட் தபால்தலை ஒட்டி அனுப்பினார். ஒன்று போதுமோ போதாதோ என்று எட்டு ஒட்டினார். அதுவும் திரும்பியது. 'அதிகத் தபால்தலை. அரசாங்கப் பணத்தை வீணாக்காதீர்.'

"ஏதோ பதில்னு ஒண்ணு வருதுல்ல" என்று வெண்டல் ஆறுதல் சொன்னார். "என் பெண்டாட்டி எனக்கு அதுகூட எழுதறதில்ல."

ஆகஸ்ட் வந்தது. மாவட்டப் பொருட்காட்சி மைதானத்தில் சின்ன வண்டிக்காரர் சங்கத்தின் விழா. சோளம் சுடுகிற புகை, எண்ணெயில் பொரித்த பாலாடைக்கட்டி மணம், அக்கார்டியன் சத்தம். வட்டமாகப் போட்ட புல்தடத்தைச் சுற்றி நூறு பொடி வண்டிகள். வண்டிக்கு வண்டி ஒரு தாள் ஒட்டியிருக்கும். அது அந்தச் சங்கத்து வழக்கம். எந்த உறுப்பு எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, எந்த நிலையில் இருந்தது என்று உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். பொய் எழுதினவர்கள் சங்கத்தில் இருக்க முடியாது. பரிசு பெறும் வண்டியின் தாளை வெண்டல் ஒலிபெருக்கியில் படிப்பார். தாளின் கடைசியில் 'உதைப்பவர்' என்று ஒரு கோடு இருக்கும். சங்கத்தில் முழு முட்டி உள்ளவர்கள் ஆறே பேர் என்பதால் வந்த ஏற்பாடு. சொந்தக்காரருக்கு முடியாவிட்டால் அங்கே பெயர் எழுதப்பட்டவர்தான் உதைக்கலாம். வேறு யாரும் தொடக்கூடாது. அந்தக் கோட்டில் கணவன், மனைவி, மகள், மகன், இப்படித்தான் பெயர் இருக்கும்.

எம்மெட் சோளக் கடைக்குப் பின்னால் நின்றார். கடைக்காரர் சந்தேகமாகப் பார்த்ததால் சோளம் வாங்கினார். நாலு சோளம் தின்றாயிற்று. தூரத்தில் பச்சைக் குருவி நின்றது. இடப்பக்கத்தில் மூடி இருந்தது. நூறு கெஜத்திலிருந்தும் அதன் பளபளப்பு எம்மெட்டின் கண்ணில் குத்தியது.

ஒலிபெருக்கி கரகரத்தது. "இந்த வருஷம் நல்லாப் பாதுகாத்த வண்டிக்கான பரிசு, டார்லீன் கூபியாக். வாம்மா டார்லீன். இப்ப தாளைப் படிக்கறேன், கேளுங்க. முன் சக்கரம்: நெப்ராஸ்கா, ஒரு கோழிக்கூண்டு. கோழி எதிர்ப்புத் தெரிவித்தது." சிரிப்பு. "சீட்டு: கலைத்துப் போட்ட சர்க்கஸ் கம்பெனி. கரடி உட்கார்ந்தது. இடப்பக்க மூடி..."

வெண்டல் நிறுத்தினார். தொண்டையைச் செருமினார்.

"இடப்பக்க மூடி: எம்மெட் ப்ரெக்கியின் அடுக்களை, ஓட்ஸ் டப்பா. என்னிடம் சொல்லாமல் ஒன்பது வருடம் ஒளித்து வைத்திருந்தார்."

மைதானத்தில் அக்கார்டியன் நின்றது. நூறு தலைகள் திரும்பி, மூடி வைத்த பாத்திரத்தில் ஈயைத் தேடுவது போல எம்மெட்டைத் தேடின. கண்டுபிடித்தன. எம்மெட்டின் காது சிவந்த சிவப்பில் இன்னும் நாலு சோளம் சுட்டிருக்கலாம்.

"இன்னும் இருக்கு. 'நிலை: ஒரு கீறல் இல்லை. ஒரு புள்ளி துரு இல்லை. வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய். தன் சொந்த இரவுச் சட்டையைக் கிழித்துச் சுற்றியிருக்கிறார். கொடுக்கத் தெரியாதவர், ஆனால் இதைவிட நன்றாக ஒரு பொருளை யாரும் வைத்திருந்ததில்லை.' அவ்வளவுதான்." வெண்டல் தாளை மடித்தார். யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். திருடனுக்குக் கை தட்டிய கூட்டத்தை அந்த மாவட்டம் அதற்கு முன் பார்த்ததில்லை.

டார்லீன் வண்டியைத் தடத்தில் இறக்கினார். ஏறி உட்கார்ந்தார். கிக்கரில் வலது காலை வைத்தார். உதைத்தார். குருவி கிளுக்கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது. இன்னொரு உதை. டார்லீனின் முகம் சுருங்கியது. மூன்றாவதற்குக் கால் மேலே ஏறவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பார்மேல் குனிந்துவிட்டார்.

எம்மெட் சோளத்தைக் கீழே போட்டார். ஆனால் நகரவில்லை. தொடக்கூடாது என்பது விதி.

"டார்லீன், விட்டுடும்மா" என்றார் வெண்டல், ஒலிபெருக்கியை அணைக்க மறந்து. "வேற யாராவது உதைக்கலாம்னா தாள்ல பேர் இருக்கணும்."

"இருக்குய்யா. பின்பக்கம் திருப்பிப் பாரு. இடம் பத்தலேன்னு அங்க எழுதினேன்."

வெண்டல் திருப்பினார். படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"உதைப்பவர்: எம்மெட் ப்ரெக்கி."

பால் லாரியின் கிளட்சை நாற்பது வருடம் மிதித்த கால்கள் அவை. இருந்தாலும் சோளக் கடையிலிருந்து தடம் வரைக்கும் அவர் எப்படி வந்தார் என்று அவருக்கே நினைவில்லை. நடுவில் இரண்டு கயிறு, ஒரு நாய், ஒரு மேஜை இருந்தன. எதைத் தாண்டினார், எதைச் சுற்றினார் என்பது இன்றுவரை விவாதத்தில் இருக்கிறது.

டார்லீன் நிமிரவில்லை. "லெட்டர்ல என்னய்யா எழுதியிருந்த?" என்றார் மெல்ல.

"மன்னிச்சுக்கோன்னு."

"நாலு பக்கமும் அதுதானா?"

"மூணு பக்கம். நாலாவது பக்கத்துல காபி கொட்டிடுச்சு."

"சரி, உதை."

எம்மெட் கார்புரேட்டரின் பொத்தானை, பெட்ரோல் நிரம்புகிறவரை ஒரு விரலால் அமுக்கிப் பிடித்தார். கிக்கரை மெதுவாகக் கீழே அழுத்தி, கெட்டியாகிற இடத்தைக் காலால் தேடினார். உதைத்தார். மூன்றாம் உதையில் குருவி தும்மியது. நீலப் புகை கிளம்பியது. பிறகு அது பாட ஆரம்பித்தது.

டார்லீன் கியர் போட்டார். வண்டி நகர்ந்தது. பதினோரு வருடம் துடைத்து வைத்த வண்டி எப்படி ஓடும் என்று கடைசியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்த எம்மெட்டுக்குத் தொண்டையில் கேக் இல்லாமலே கேக் நின்றது. இந்த முகத்தையா ஒன்பது வருடம் ஓட்ஸ் டப்பாவில் பூட்டி வைத்திருந்தோம் என்று நினைத்தார். சிவப்புக் கட்டம் போட்ட சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு சுற்று என்றுதான் பேச்சு. டார்லீன் நிற்கவில்லை. வெண்டல் அடுத்த பரிசை அறிவித்தார்; டார்லீன் சுற்றினார். சாப்பாட்டு மணி அடித்தது, சுற்றினார். தடத்தில் பாதையே விழுந்துவிட்டது. முப்பதாவது சுற்றில் இஞ்சின் இருமி நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. எம்மெட் எண்ணெய் கலந்த பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"ஒம்பது வருஷம்" என்றார் டார்லீன், மூச்சு வாங்க. தலைமுடியெல்லாம் காற்றில் பிரிந்து பறந்து கிடந்தது. "கணக்குப் போட்டுட்டேன். நானூத்தி அறுபத்தெட்டு சனிக்கிழமை. புது முட்டி வந்தா என்னால உதைக்க முடியாது. அதனால நீ வர்ற. நான் அங்க வர்றதில்ல, கவனி. நீ, என் வீட்டுக்கு, காலைல ஒம்பது மணிக்கு. உதைச்சுக் கொடுக்கற. நான் ஓட்டறேன். நானூத்தி அறுபத்தெட்டும் முடியற வரைக்கும் உன்னை விடறதா இல்ல."

எம்மெட் பெட்ரோல் ஊற்றுவதை நிறுத்தினார். எழுபத்தாறோடு ஒன்பதைக் கூட்டினார்.

"டார்லீன், ஒண்ணு சொல்லணும்."

"இன்னும் என்னய்யா ஒளிச்சு வெச்சிருக்க?"

"ஒம்பது வருஷம்னு சொன்னேன்ல? அது சரியில்ல. பத்து இருக்கும்."

டார்லீன் அவரைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சா பதினஞ்சுகூட இருக்கும்" என்றார் எம்மெட்.

"வண்டியே என்கிட்ட வந்து பதினோரு வருஷம்தான்யா ஆச்சு!"

"அப்ப பதினஞ்சுன்னே வெச்சுக்குவோம்."

டார்லீன் சிரித்த சிரிப்பில் சோளக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பெட்ரோல் டேங்கின் மூடியைத் தானே திருகி இறுக்கினார். இடப்பக்கத்து மூடியையும் ஒருமுறை தொட்டு, திருகாணி கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"உதைய்யா" என்றார்.